பேர் சொல்லி ஒரு ஜெபம்

"பெரிய டீச்சர், பிரியமா இருந்தா தலையிலே ஏறுதாளுக. ஒரு சத்தம் போட்டா மூலையிலே உக்காந்து அழுதாளுக. ரெண்டுக்கும் நடுவிலே நான் எங்கே நிக்க?"

கேட்டவள் ரெஞ்சிதம். நாற்பது வயதுக்கு மேல், தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, ஊழியத்துக்கு அழைப்பு வந்தது என்று செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துப் பெண்பிள்ளைகள் போர்டிங்குக்கு வந்து சேர்ந்தவள். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

பெரிய டீச்சர் என்பது தங்கபுஷ்பம். அதே போர்டிங்கை ஒரு காலத்தில் ஆண்டவள். இப்போது கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறாள். முழங்கால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வருவதில்லை. அவளுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களும் ஏதாவது சிக்கல் என்றால் அவள் வாசலில்தான் போய் நின்றார்கள்.

அலுமினியச் சட்டியில் வெந்நீர் வைத்து, அதில் இரண்டு கால்களையும் விட்டபடி உட்கார்ந்திருந்தாள் தங்கபுஷ்பம்.

"பிரம்பு இருக்கா?" என்றாள்.

"அலமாரியிலே இருக்கு. நான் தொடலே."

"தொடாதே."

"அப்ப பிரியமாவே இருக்கச் சொல்லுதீகளா?"

"அதை நான் எப்பச் சொன்னேன்?"

ரெஞ்சிதத்துக்கு எரிச்சல் வந்தது. "இயேசு சாமி ரெண்டாவும் இருந்தாரே டீச்சர். பிள்ளைகளை மடியிலே தூக்கி வச்சார். கோயில்லே சாட்டையும் எடுத்தார்."

"மடியிலே இருந்த பிள்ளைகிட்டயா எடுத்தார்?"

தங்கபுஷ்பம் சட்டிக்குள் காலை அசைத்துப் பார்த்தாள்.

"தண்ணி ஆறிட்டு. அடுப்பிலே இருக்கு பாரு, கொஞ்சம் ஊத்து."

ரெஞ்சிதம் கெண்டியை எடுத்து வந்து ஊற்றினாள். தங்கபுஷ்பம் 'ஸ்' என்று காலை வெளியே இழுத்துக்கொண்டாள். தரையெல்லாம் தண்ணீர்.

"ஐயோ, சூடு கூடிட்டா டீச்சர்?"

"ஊத்துனப்புறம் கேக்கே."

ரெஞ்சிதம் தரையைத் துடைத்துவிட்டுப் போர்டிங்குக்குத் திரும்பினாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புதான். இதுக்கா இவ்வளவு தூரம் மணல்லே நடந்து வந்தேன்?

•

பிள்ளைகள் அவளுக்கு 'சர்பத்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

அவள் குரல் அப்படி. இனிப்பும் தண்ணீருமாக இருக்கும். "கண்ணுகளா, வரிசையா நில்லுங்கம்மா" என்று அவள் சொல்வதைக் கிரேனா என்று ஒருத்தி அச்சு அசலாகச் சொல்லிக் காட்டுவாள். சாப்பாட்டு அறை சிரிப்பில் அதிரும். மணி அடித்தால் யாரும் வருவதில்லை. விளக்கை அணைத்தால் யாரும் படுப்பதில்லை.

ஒருநாள் மத்தியானம் கிரேனா தன் தட்டிலிருந்த சாம்பாரை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கவிழ்த்தார்கள்.

"ஏம்மா இப்படிச் செய்தீங்க?"

"வண்டு கிடந்துச்சு டீச்சர்."

"வண்டு நீந்திச்சு டீச்சர்."

"வண்டு எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு டீச்சர்."

ரெஞ்சிதம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்கால ஜெபத்தில் கண்ணை மூடிக் கையைக் கூப்பியபோது அழுகை இன்னும் அடங்கியிருக்கவில்லை. வாய் தானாகப் பேசிற்று.

"அன்பின் தகப்பனே, இன்னைக்கு மத்தியானம் சாம்பாரைச் சாக்கடையிலே ஊத்தின எங்க கிரேனாவை உம்முடைய பாதத்திலே வைக்கிறேன். அவ கெட்ட பிள்ளை இல்லே ஆண்டவரே. வீட்டு நினைப்பிலே செய்திருப்பா. அவ இருதயத்தைத் தொடும்."

கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஆமென்" என்றாள்.

"ஆமென்" என்றது கூடம்.

மறுநாள் கிரேனா கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் தின்றாள்.

சத்தியமாகச் சொல்வதென்றால், ரெஞ்சிதம் திட்டம் போட்டு அதைச் செய்யவில்லை. உருகித்தான் செய்தாள். ஆனால் பலித்துவிட்ட ஒன்றை யார்தான் விடுவார்கள்? அடுத்தவளுடைய சோப்பை எடுத்தவள், தலைவலி என்று பொய் சொன்னவள், கீர்த்தனைப் புத்தகத்திலிருந்த படத்துக்கு மீசை வரைந்தவள், எல்லாரையும் ஒவ்வொரு சாயங்காலமும் பேர் சொல்லி ஆண்டவருடைய பாதத்தில் வைத்தாள். ஒருத்தியையும் ஏசவில்லை. ஒருத்தியையும் தொடவில்லை. அவள் குரல் அப்போதும் சர்பத்தாகவே இருந்தது.

மணி அடித்தால் வந்தார்கள். விளக்கை அணைத்தால் படுத்தார்கள்.

'சர்பத்' என்ற பேர் நின்றுபோயிற்று. அவர்கள் புதுப் பேர் எதுவும் வைக்கவில்லை. அது ஏன் என்று ரெஞ்சிதம் யோசிக்கவும் இல்லை.

"பிரம்பு இல்லாம ஒரு போர்டிங் நடக்குதுன்னா அது ஜெபத்தின் வல்லமைதான்" என்று தலைமை ஆசிரியை மற்ற டீச்சர்களுக்கு முன்னால் சொன்னாள். குருவானவர் ஐயர் பிரசங்கத்திலேயே அதைத் தொட்டுப் பேசினார். ரெஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்குள் ஒரு மேளம் அடித்தது.

•

இந்தத் தடவை அவள் தங்கபுஷ்பத்தின் அறைக்குள் நிமிர்ந்தே போனாள்.

"வழி கிடைச்சிட்டு பெரிய டீச்சர்."

"சொல்லு."

சொன்னாள். தங்கபுஷ்பம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இப்ப உங்கிட்ட யாராவது தானா வந்து, டீச்சர், நான் இதை உடைச்சிட்டேன்னு சொல்லுதாளா?"

"இல்லே. இப்ப ஒண்ணும் உடையறதே இல்லையே."

"ம். ஜெபத்திலே எல்லாரும் கண்ணை மூடுதாளுகளா?"

"மூடாம? கண்ணைத் திறந்து வச்சா அது ஜெபமா?"

"நீயும் மூடுதே?"

"ஆமா."

"அப்ப அதுக மூடுதது உனக்கு எப்படித் தெரியும்?"

ரெஞ்சிதம் சிரித்தாள். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை.

"ஒருநாள் நீ கண்ணைத் திறந்து வச்சு ஜெபம் பண்ணு" என்றாள்.

"டீச்சர்!"

"என்ன?"

"ஓய்வுநாள் பள்ளிக்கூடத்திலே மொதல்ல சொல்லித் தந்ததே அதுதானே. கண்ணைத் திறந்தா இமைக்கு நடுவிலே பிசாசு வந்து உக்காந்துக்கிடுவான்னு."

"உக்காரட்டும். அவனும் பாக்கட்டும்."

ரெஞ்சிதம் எழுந்துகொண்டாள். ஊரார் சொல்வது சரிதான், கிழவிக்கு விசுவாசம் போய்விட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மணலில் நடந்தாள். பொறாமையாகவும் இருக்கலாம் என்று தோன்றியபோது நடை கொஞ்சம் லேசானது.

•

பெனினா என்று ஒரு பிள்ளை.

அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவள். சேர்த்துவிட வந்த அன்று அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவே இல்லை. உப்புத் தின்ற பாதங்களைச் சேலைக்குள் மறைத்து நின்றபடியே சொன்னாள். "நான் இறங்குனேன். மூத்தவளும் இறங்கிட்டா. இவ ஒருத்தியாவது உப்புலே இறங்காம இருக்கணும் டீச்சரம்மா. போர்டிங்கிலே நின்னாத்தான் படிப்பு. வீட்டுக்கு வந்துட்டா, மறுநாளே அவ அப்பன் இவ கையிலே உப்பு வாருத பலகையைக் குடுத்துருவாரு."

பெனினா நன்றாகப் படித்தாள். சத்தமே இல்லாத பிள்ளை. ஆனால் விடியற்காலையில் யாருக்கும் முன்னால் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு சமையல்கட்டுச் சுவருக்குப் பின்னால் போவாள்.

ரெஞ்சிதம் ஒருநாள் பின்னாலேயே போனாள். பாய் ஈரமாக இருந்தது.

பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, இதுக்கா பயந்தே? நான் ஏசவே மாட்டேன்" என்று ரெஞ்சிதம் அவளை அணைத்துக்கொண்டாள். மெய்யாகவே அவளுக்குக் கண் கலங்கிற்று. அன்றைக்கே கடைக்கு ஆள் அனுப்பிப் புதுப் பாய் ஒன்று வாங்கினாள்.

"டீச்சர்..." பெனினா காதோடு காதாகக் கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லிராதீங்க டீச்சர்."

"சொல்லமாட்டேன்ட்டி."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம்தான் சொன்னாள்.

"இரக்கமுள்ள தகப்பனே, எங்க பெனினாவை நினைத்தருளும். ராத்திரியிலே தன்னை அறியாமப் பாயை நனைச்சிருதா. அவ சரீரத்திலே உள்ள பலவீனத்தை உம்முடைய தழும்புள்ள கரத்தினாலே தொடும். இவ ஒரு சின்னப் பிள்ளை ஆண்டவரே..."

சொல்லும்போதே குரல் உடைந்து, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவ்வளவு பிரியத்தோடு அவள் வேறு யாருக்காகவும் ஜெபித்ததில்லை.

"ஆமென்" என்றது கூடம்.

•

அடுத்தடுத்து வந்த காலைகளில் பாய் காய்ந்தே இருந்தது.

ரெஞ்சிதம் தடவிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அறைக்குள்ளேயே நடந்தாள். அன்று சாயங்காலம் நன்றி ஜெபம் ஏறெடுத்தாள். பெனினாவின் பாயைக் காயவைத்த தேவனுக்குக் கூடமே ஸ்தோத்திரம் சொல்லிற்று.

பின் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்த பெனினா தட்டோடு சரிந்து விழுந்தாள்.

சிக்ரூமில் கிடத்தினார்கள். உதடு வெடித்திருந்தது. நாக்கு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நர்சம்மா பிள்ளையின் கைத்தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் அப்படியே மேடாக நின்றது.

"இது தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு?" என்றாள்.

வாசலில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள்.

"ஏம்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ரெஞ்சிதம்.

கிரேனா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காலையிலே ஒரு வாய் குடிப்பா டீச்சர். அப்புறம் குடிக்க மாட்டா. ரசம், மோர் ஒண்ணும் தொடமாட்டா. ராத்திரி பெட்டிமேலே உக்காந்துதான் இருப்பா. தூங்குனா சாஞ்சு விழுவா. உடனே எந்திரிச்சிருவா."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒருத்தியும் சொல்லலியேட்டி!"

கிரேனா நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா நீங்க ஜெபம் பண்ணுவீங்கல்லா டீச்சர்."

•

அன்றும் சாயங்காலம் வந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து முழங்கால் போட்டார்கள். கீர்த்தனை பாடினார்கள்.

ரெஞ்சிதம் கண்ணை மூடினாள்.

"அன்பின் தகப்பனே, சிக்ரூமிலே படுத்திருக்கிற எங்க..."

பேர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் என்ன நேர்ந்ததோ, அவள் கண்ணைத் திறந்தாள்.

கூடம் முழுக்கக் கண்கள்.

ஒருத்திகூட மூடியிருக்கவில்லை. கூப்பிய கைகளுக்கு மேலே அத்தனை கண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன, அடுத்து எந்தப் பேர் வரப்போகிறது என்று. முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை இரண்டு காதிலும் விரலைச் செருகியிருந்தது. அதன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வராவிட்டாலும் அது என்ன சொல்கிறது என்று ரெஞ்சிதத்துக்குத் தெரிந்தது. நான் இல்லே, நான் இல்லே, நான் இல்லே.

டீச்சர் கண்ணைத் திறந்துவிட்டாள் என்பதை அவர்கள் கண்டுகொள்ள ஒரு நொடி ஆயிற்று.

உடனே அத்தனை கண்களும் இறுக மூடிக்கொண்டன. அத்தனை பேரும் ஒன்றாக, உரக்க, அவள் முடிக்காத ஜெபத்துக்கு "ஆமென்" என்றார்கள்.

•

விடிந்ததும் அவள் தங்கபுஷ்பத்தின் அறைக்குப் போனாள். தங்கபுஷ்பம் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணைத் திறந்தேன் பெரிய டீச்சர்."

"எப்ப?"

"நேத்து."

"நேத்தா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு அரிசிக்குத் திரும்பிவிட்டாள்.

ரெஞ்சிதம் தரையில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். உப்பளத்து அம்மாவுக்கு ஆள் போயிருக்கிறது என்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயமாயிருக்கிறது என்றாள்.

"நான் அவளை அடிக்கலே டீச்சர். ஒரு கடுஞ்சொல் சொல்லலே."

"ஆமா. அடிச்சிருந்தா அவ அம்மைகிட்டக் காட்டத் தழும்பாவது இருக்கும்."

ரெஞ்சிதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க பெரிய டீச்சர்."

"சரி."

ரெஞ்சிதம் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். வெளியே காக்கை கத்திற்று. சுளகில் அரிசி உருளும் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். தங்கபுஷ்பம் ஒரு கல்லை எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

"ஜெபம்?"

"பண்ணிட்டேன்."

"ஒண்ணுமே சொல்லலியே."

"உங்கிட்டயா சொல்லணும்?"

•

சிக்ரூமுக்கு அவள் ஓடி வந்தபோது பெனினாவின் அம்மா வந்திருந்தாள். அன்றும் அவள் உட்காரவில்லை. பெட்டி கட்டி முடிந்திருந்தது. பெனினா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கூட்டிட்டுப் போவாதீங்கம்மா" என்றாள் ரெஞ்சிதம். "நான் பாத்துக்கிடுதேன். நல்லாப் படிக்கிற பிள்ளை."

"நான் என்ன செய்ய டீச்சரம்மா? இருக்கமாட்டேங்கா. உப்புக்கே வாறேங்கா." அந்த அம்மாள் மகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "என்னத்துக்குட்டின்னா வாயைத் தொறக்க மாட்டேங்கா. யாரும் அடிச்சிட்டாவளோன்னு மொதல்ல நெனச்சேன். இங்க வந்து விசாரிச்சா, ஒரு அடி இல்ல, ஒரு ஏச்சு இல்லங்காவ. இவளுக்காக அழுது அழுது ஜெபம் பண்ணுனீயளாமே. புதுப் பாயெல்லாம் வாங்கிக் குடுத்தீயளாம். பெத்தவ நான்கூட அப்படிச் செய்ததில்ல. இவளுக்குத்தான் குடுத்து வைக்கல டீச்சரம்மா."

கையெடுத்துக் கும்பிட்டாள்.

ரெஞ்சிதம் பெட்டிக்கு முன்னால் குந்தினாள். "பெனினா, நான் என்ன செய்யணும்ட்டி? நீ சொல்லு. நீ சொல்லுதபடி செய்யுதேன்."

பெனினா பெட்டிக் கயிற்றின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேம்ட்டி, டீச்சரம்மா கேக்காவல்லா" என்று அம்மா அதட்டினாள். பிறகு ரெஞ்சிதம் பக்கம் திரும்பினாள். "சரி, பஸ்ஸுக்கு நேரமாவுது. போறதுக்கு மின்னாலே இவ தலையிலே கை வச்சு ஒரு ஜெபம் பண்ணி அனுப்புங்க டீச்சரம்மா. உங்க ஜெபம்னா அப்படிக் கேக்கும்ங்காவ."

சொல்லிக்கொண்டே அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். மகளின் தோளை அழுத்தி முழங்கால் போட வைத்தாள். தானும் கண்ணை மூடினாள்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் ஜன்னல் ஓரத்தில் நின்றார்கள்.

ரெஞ்சிதத்தின் கை எழுந்தது. பெனினா கண்ணை மூடவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் வாயைப் பார்த்தாள்.

ரெஞ்சிதம் வாயைத் திறந்தாள். மூடினாள். கை அந்தரத்திலேயே நின்றது.

"பண்ணுங்க டீச்சரம்மா" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

பெனினா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். வெடித்த உதட்டைப் பிரித்து, அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினாள்.

"வேண்டாம்மா. டீச்சர் ஜெபம் பண்ணுனா எல்லாருக்கும் கேக்கும்."